ஆங்கிலம் பேசலாம், வாங்க: டோக்கியோவில் பக்கத்து வீட்டாரை நண்பர்களாக்கும் வழி

நிஷி-கசாய்க்குக் குடிவந்து மாதக்கணக்கில் ஆகியும், லிஃப்டில் 'கொன்னிச்சிவா' (வணக்கம்) சொல்வதைத் தாண்டி ஒரு ஜப்பானியரிடமும் பேசியதில்லை என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதிலும், துணையின் வேலைக்காகக் கூட வந்து, பகலெல்லாம் ஃப்ளாட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நிஷி-கசாய் அடங்கிய எடோகவா வார்டு, அதாவது டோக்கியோவின் ஒரு நகரப் பிரிவு, ஜப்பானிலேயே இந்தியர்கள் அதிகம் வாழும் இடம். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்ற பயம் இருந்ததே, அதைச் சரிசெய்ய வந்த பொறியாளர்களோடு இந்தக் குடியேற்றம் சூடுபிடித்தது. டோசாய் லைன் சுரங்க ரயிலில் ஏறினால் கயபாச்சோ, ஓதேமாச்சி அலுவலகங்களுக்கு வண்டி மாறாமல் போய்விடலாம். இன்று இங்கே நம் மளிகைக் கடை இருக்கிறது, இந்தியப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பொங்கலுக்குக் கூடிப் பேச ஆள் இருக்கிறது. ஒரு ஜப்பானிய நண்பர்கூட இல்லாமல் பத்து வருடம் நிம்மதியாக ஓட்டிவிடலாம். வசதிதான், ஆனால் அந்த வசதியே நம்மை நாலு சுவருக்குள் உட்கார வைத்துவிடுகிறது.

நம் கையில் ஒரு பொருள் இருக்கிறது: ஆங்கிலம். பக்கத்து வீட்டில் இருக்கும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் நடுநிலைப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலுமாக ஆறு வருடம் ஆங்கிலம் படித்தவர்கள். இலக்கணம் அத்துப்படி, வாசித்தால் புரியும். பேசத்தான் வாய்ப்பு வாய்க்கவில்லை. 2020-இலிருந்து ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பேசிப் பழக்குகிறார்கள், ஐந்திலும் ஆறிலும் மதிப்பெண் உள்ள பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு ஆசை எழத்தானே செய்யும். அவர்களை உங்கள் வீட்டு மேசைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அழைத்துப் பேச வைப்பதுதான் யோசனை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் உங்களுக்கு மரியாதை கிடைக்கும், நன்றி கிடைக்கும், வருடக் கடைசியில் அழகாகச் சுற்றிய ஒரு பெட்டி பிஸ்கட்டும் கிடைக்கும். நட்பு கிடைக்க வேண்டுமென்றால் நீங்களும் அவர்களிடம் எதையாவது கேட்டு நிற்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்கான ஏற்பாடுதான்.

முதல் வேலை: முகம் தெரிய வேண்டும்

புதிதாகக் குடிவந்தவர் ஒரு சிறு பொருளோடு அக்கம்பக்கத்துக்குப் போய்த் தலைகாட்டுவது இந்த ஊர் வழக்கம். இடம், வலம், மேல் வீடு, கீழ் வீடு ஆகிய நான்கும் போதும். ஐந்நூறிலிருந்து ஆயிரம் யென்னுக்குள் ஒரு துண்டோ, தனித்தனியாகப் பொட்டலம் போட்ட இனிப்போ கொண்டுபோங்கள். வந்த ஒரு வாரத்துக்குள் போவது நல்லது. ஒரு மாதம் கழித்துப் போனாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். டோக்கியோவில் இந்த வழக்கம் குறைந்துவருகிறது என்பது உண்மைதான், ஆனால் வெளிநாட்டுக் குடும்பமே வந்து வாசலில் நின்றால் அது ஞாபகத்தில் நிற்கும். வீட்டில் குழந்தை இருந்தால் கூட்டிப்போங்கள். 'குழந்தை ஓடுகிற சத்தம் தொந்தரவாக இருக்கலாம், மன்னிக்கணும்' என்று ஜப்பானிய மொழியில் ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு கீழ் வீட்டில் சொல்லிவிட்டால், அடுத்த இரண்டு வருடத்துக்கு அது உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம் பூங்கா, கிண்டர்கார்டன் வாசல், குப்பை போடும் இடம். அதே முகங்களை அதே நேரத்தில் பார்ப்பீர்கள். வார்டில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்புக்கும் போய்வாருங்கள். அங்கே கற்றுத்தருகிற பெரியவர்களில் பலருக்கு ஆங்கிலத்தில் ஆர்வம் உண்டு.

ஓய்வுபெற்றவர்களை மறந்துவிடாதீர்கள். வயதான அம்மாக்களும் தாத்தாக்களும்தான் இந்த மாதிரிக் கூட்டத்துக்குத் தூண். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே வானொலியின் ஆங்கிலப் பாடத்தைத் தினமும் கேட்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். மாதாமாதம் புத்தகக் கடையில் வரும் அதன் பாடப்புத்தகத்தை வாங்கி, பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருப்பார்கள். பகலில் நேரம் இருக்கும், சொன்ன நேரத்துக்கு வருவார்கள், கதை சொல்ல ஒரு வாழ்க்கையே இருக்கும்.

அழைப்பு: இரண்டு சந்தேகங்களை முதலிலேயே தீர்த்துவிடுங்கள்

நம்மூரில் தெரியாதவரைக் காபிக்குக் கூப்பிடுவது பெரிய விஷயமில்லை. இங்கே அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர் திடீரென்று வீட்டுக்குக் கூப்பிட்டால், மனதில் முதலில் ஓடுவது இரண்டு கேள்விகள்: மதம் மாற்றப் பார்க்கிறாரா, இல்லை ஆள் சேர்க்கும் வியாபாரமா? இரண்டிலும் சூடுபட்டவர்கள் இங்கே நிறைய. அதனால் வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது. அஞ்சலட்டை அளவுத் தாள் ஒன்று எடுங்கள். ஜப்பானிய மொழியில் ஐந்தே வரி: உங்கள் பெயர், எத்தனாவது மாடி, எந்த நாளில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஆங்கிலத்தில் பேசிப் பழக, கட்டணம் இல்லை. கடைசியில் 'மதமோ விற்பனையோ கிடையாது' என்று ஒரு வரி. படிக்க நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும், அவர்களுக்கோ அந்த வரிதான் மூச்சு விடவைக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதியதை, கையில் கொடுப்பதற்கு முன் ஜப்பானிய வகுப்பு ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தபால் பெட்டிகளில் போடாதீர்கள். விளம்பரத் தாள் போடக்கூடாது என்று பல பெட்டிகளில் ஒட்டியே வைத்திருப்பார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதென்றால் கட்டட நிர்வாக அலுவலகத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ கேட்டுவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். என்னைக் கேட்டால் பலகையே வேண்டாம். ஏற்கெனவே நாலு தடவை தலையசைத்துக்கொண்ட இரண்டு பேரிடம் நேரில் கொடுங்கள், 'வேண்டுமானால் ஒரு ஃப்ரெண்டையும் கூட்டிவாங்க' என்று சேர்த்துச் சொல்லுங்கள். தனியாக வரத் தயங்குபவர் ஜோடியாக வந்துவிடுவார்.

முதல் சந்திப்பை வீட்டில் வைக்காமல் சாய்ஸேரியா, கஸ்டோ மாதிரி ஒரு குடும்ப உணவகத்தில் வைக்கலாம். அங்கே டிரிங்க் பார் வாங்கிக்கொண்டால் காபி, டீ எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அவரவர் காசை அவரவர் கொடுத்துவிடலாம். ஒருவருக்கொருவர் அளவெடுத்துக்கொள்ள அது பொதுவான இடம். அடுத்த தடவை 'எங்க வீட்டுக்கே வாங்களேன்' என்றால் தயங்காமல் வருவார்கள்.

அழைப்பில் 'வகுப்பு' என்று எழுதாதீர்கள், 'பேசிப் பழகுவது' என்றே எழுதுங்கள். வகுப்பு என்றால் அவர்கள் மனதில் அமெரிக்க உச்சரிப்பு வந்து நிற்கும். நமக்கும் 'நம்ம இங்கிலீஷ் சரியா வருமா' என்ற பயம் கூடவே வந்துவிடும். பேசிப் பழகுவதற்கு அந்த பயம் தேவையில்லை. நாம் நிறுத்தி நிதானமாகப் பேசினால் வேகமாகப் பேசும் அமெரிக்கரைவிட நம் பேச்சு அவர்களுக்கு நன்றாகப் புரியும். அலுவலகத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் பேச வேண்டிய ஆட்களில் பலர் எப்படியும் ஆசியாக்காரர்கள்தான்.

நாள், நேரம், ஆள் கணக்கு

வாரநாளில் காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, மதியச் சமையலுக்கு முன் வீடு திரும்பும் நேரம் இது. பல கிண்டர்கார்டன்களில் புதன்கிழமை அரைநாள்தான், அதனால் அன்று வைக்காதீர்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் தொடர் விடுமுறை, ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பள்ளி விடுமுறை, வருடக் கடைசி, மார்ச் மாத இடமாற்றங்கள் இத்தனையும் போக மிஞ்சுவது மே முதல் ஜூலை பாதி வரை, பிறகு செப்டம்பரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் மே நடுவிலோ செப்டம்பர் நடுவிலோ ஆரம்பியுங்கள்.

வாரம் ஒருமுறை என்று ஆசைப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் இரு பக்கமும் தாங்கும். விருந்தினர் நாலு பேர் போதும். ஆறு பேரைத் தாண்டினால், நன்றாகப் பேசும் இருவர் பேசிக்கொண்டிருக்க மற்றவர்கள் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பத்து மணி என்றால் பத்து மணிதான். ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கட்டடத்தின் கீழே நின்று, சரியாகப் பத்துக்கு மணியடிப்பவர்களும் உண்டு. முடிக்கும் நேரத்தையும் நீங்களே சொல்லி முடித்துவிடுங்கள். விருந்தினர் தாமாக எழுந்து போவது இங்கே சங்கடம். பதினொன்றரை ஆனதும் 'அடுத்தது எப்போ?' என்று நாட்காட்டியைக் கையில் எடுத்தால், கூட்டம் முடிந்தது என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பணம், விசா

காசு வாங்காதீர்கள். குடும்ப விசாவில் வந்தவர் சம்பாதிக்க வேண்டுமென்றால் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி பெற வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் அனுமதியிலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சம். வீட்டில் சொந்தமாக வகுப்பெடுத்துச் சம்பாதிப்பது என்றால் அது வேறு விண்ணப்பமாகவும் போகலாம், அதை அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடியிருக்க மட்டும் என்று எழுதிய வாடகை ஒப்பந்தத்தில் வீட்டிலேயே வகுப்பு நடத்துவதும் சிக்கல். இதெல்லாம் சட்டம். சட்டத்தை விடுங்கள், காசு கைமாறிய நிமிடமே நீங்கள் ஆசிரியர், அவர் வாடிக்கையாளர். அப்புறம் அவரிடம் போய் 'எனக்கு இந்தத் தாளைப் படிச்சுக் காட்டுறீங்களா' என்று எப்படிக் கேட்பீர்கள்?

சும்மா வாங்கிக்கொள்வது அவர்களுக்கு உறுத்தும் என்பதும் உண்மை. அதற்கு வழி, தின்பண்டத்தை முறை வைத்துக்கொள்வது. இந்தத் தடவை நீங்கள், அடுத்த தடவை அவர்.

இன்னொரு வேண்டுகோளும் வரும். 'என் பெண் ஏய்க்கென் தேர்வு எழுதுகிறாள், நேர்முகத்துக்குக் கொஞ்சம் தயார் செய்ய முடியுமா?' அந்த ஆங்கிலத் தேர்வில் மூன்றாம் நிலையிலிருந்து நேர்முகப் பேச்சும் உண்டு என்பதால் பெற்றோர் தவிப்பது நியாயம்தான். ஒரு தடவை செய்துகொடுக்கலாம். அதையே வழக்கமாக்கினால் இலவச டியூஷன் அக்கா ஆகிவிடுவீர்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் மனக்கசப்பு இல்லை.

வீடும் தட்டும்

வாசலில் செருப்பு விடும் தாழ்ந்த இடத்தைக் காலி செய்து வையுங்கள். நம் வீட்டுச் செருப்புக் குவியலின் மேல் விருந்தினர் கால் வைக்க இடம் தேடக்கூடாது. வீட்டுச் செருப்பு நாலு ஜோடி நூறு யென் கடையிலிருந்தோ முன்னூறு யென் கடையிலிருந்தோ வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஏழு மணித் தாளிப்பு வாசம் பத்து மணிக்கும் திரைச்சீலையில் இருக்கும். எட்டு மணிக்கே ஜன்னல்களைத் திறந்துவிட்டால் போதும். சாம்பிராணியோ ஊதுபத்தியோ கொளுத்தி அதை மறைக்கப் பார்க்காதீர்கள், அது இன்னும் குழப்பும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் கை தாராளம். விருந்தினர் வருகிறார் என்றால் இட்லி, வடை, கேசரி, இரண்டு சட்னி, பிறகு 'கொஞ்சமே கொஞ்சம்' சாம்பார் சாதம். இங்கே அது எதிர்விளைவைத் தரும். வாங்கியதற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்கும் கடமை இந்தச் சமூகத்தில் ஆழமாக ஊறியது. நீங்கள் ஏழு வகை வைத்தால், அவர் வீட்டுக்குப் போய் 'நான் எப்படி இதற்கு ஈடு செய்வேன்' என்று கவலைப்படுவார். அடுத்த தடவை வருவதற்கே யோசிப்பார். ஒரு காரம், ஒரு பானம், அவ்வளவுதான். முறுக்கு எப்போதும் செல்லும், அவர்களுடைய மொறுமொறு அரிசி பிஸ்கட்டான சென்பேயோடு ஒப்பிட்டுப் பேச ஒரு விஷயமும் ஆச்சு. சுண்டல் இன்னும் நல்லது. பயறு என்றால் பெரும்பாலும் சர்க்கரை போட்டே தின்று பழகிய நாட்டில், தேங்காயும் கடுகும் போட்ட கொண்டைக்கடலை ஒரு அதிசயம். மிளகாய் வேண்டாம். ஏலக்காய் டீ போட்டால் சர்க்கரையைத் தனியே வையுங்கள். நிலக்கடலை, பால், கோதுமை, முட்டை ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அந்த ஒன்றரை மணி நேரம்

இதுதான் விஷயமே, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் இருபது நிமிடம் கைபேசிப் படம். கடந்த இரண்டு வாரத்தில் எடுத்த ஒரு படத்தை ஒவ்வொருவரும் காட்டி, அதைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். முந்தின நாளே லைன் (இங்கே எல்லோரும் செய்தி அனுப்பும் செயலி) குழுவில் நினைவூட்டிவிடுங்கள். தயாராகாமல் பேசச் சொன்னால் தவித்துப்போகிறவர்கள், தயாராகி வந்தால் மூன்று வாக்கியத்துக்குப் பதில் பத்து வாக்கியம் பேசுவார்கள். நாய், பெந்தோ சாப்பாட்டு டப்பா, பேரன், பால்கனியில் காய்த்த தக்காளி என்று எதுவானாலும் சரி.

நடு நாற்பது நிமிடத்துக்கு ஒரே ஒரு பேசுபொருள். பொருள் பெரிதாக இருந்தால் பேச்சு செத்துவிடும். 'ஜப்பானியக் கல்வி முறை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள், எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். 'உங்க பையன் ஸ்கூல் சாப்பாட்டில் எதை மிச்சம் வைக்கிறான்?' என்று கேளுங்கள், பேச்சு நிற்காது. நம் வார்டிலேயே பொருள் கொட்டிக் கிடக்கிறது. சந்தையில் நாம் கீரைக்குப் பதிலாக வாங்கிக் கூட்டு வைக்கிறோமே கொமாத்சுனா, அது இந்த மண்ணின் கீரை. பருந்தை ஏவி வேட்டையாட வந்த ஷோகன் (அந்தக்கால ராணுவ ஆட்சியாளர்) யோஷிமுனே, கொமாத்சுகவா ஊர்ப் பெயரையே அதற்கு வைத்ததாகக் கதை. அதைக் கேட்டு நாம் வியக்க, 'நீங்க இதை எப்படிச் சமைப்பீங்க?' என்று அவர்கள் கேட்க, பருப்பும் தேங்காயும் போட்ட கூட்டு ஒரு கிண்ணம் மேசைக்கு வந்துவிடும். எடோகவாவின் தங்கமீன் வளர்ப்பு, ஆகஸ்ட் மாதம் ஆற்றங்கரை வாணவேடிக்கை, ஜூன் மழையில் துணி காயாத கதை எல்லாமே ஓடும்.

கேள்வியைப் படிப்படியாக ஏற்றுங்கள். ஆம், இல்லை என்று முடியும் கேள்வி முதலில். அடுத்து இதுவா அதுவா என்ற கேள்வி. அதற்குப் பிறகுதான் ஏன், எப்படி. இளைத்த ஆங்கிலத்தோடு வந்தவரிடம் நேராக 'ஏன்' என்று ஆரம்பித்தால் வாயடைத்துப்போவார்.

மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது நமக்குத்தான் கஷ்டம். நாலு தமிழர் கூடிய இடத்தில் இரண்டு விநாடி மௌனம் விழுந்தால் யாராவது ஒருவர் அதை நிரப்பிவிடுவார். இங்கே ஒருவர் எட்டு விநாடி மேலே பார்த்துக்கொண்டு யோசிப்பார், பிறகு அழகான ஒரு வாக்கியம் வரும். இடையில் புகுந்து நீங்களே சொல்லிமுடித்தால் அந்த வாக்கியம் பிறக்காமலே போய்விடும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். டீயை ஊற்றுங்கள். முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அது பரீட்சை மாதிரி இருக்கும்.

திருத்துவது எப்படி? நடுவில் நிறுத்தித் திருத்தவே கூடாது. 'யெஸ்டர்டே ஐ கோ டு உவேனோ' என்றால், 'ஓ, யூ வென்ட் டு உவேனோ? வித் ஹூம்?' என்று சரியான வடிவத்தை உங்கள் கேள்விக்குள் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். பிடித்துக்கொள்பவர் பிடித்துக்கொள்வார். திருத்தியே ஆக வேண்டும் என்று கேட்பவர்களும் இருப்பார்கள், குறிப்பாக அந்த வானொலிப் பாடத் தாத்தாக்கள். அவர்களுக்காக மூன்றே மூன்றைக் குறித்து வைத்து, கடைசியில் பெயர் சொல்லாமல் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுங்கள்.

நன்றாகப் பேசும் ஒருவர் கூட்டத்தையே தன் பக்கம் இழுத்துக்கொள்வது எல்லா இடத்திலும் நடப்பது. அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். 'அவங்க சொன்னதை எனக்கு இன்னொரு தடவை சொல்றீங்களா?' என்றால் அவரும் பேசுகிறார், அடுத்தவர் சொன்னதும் மதிப்புப் பெறுகிறது. நாலு பேர் இருந்தால் பாதி நேரம் இருவர் இருவராகப் பிரித்துப் பேச விடுங்கள். நீங்கள் சமையலறைப் பக்கம் போய்விட்டால் இன்னும் நன்றாகப் பேசுவார்கள்.

கேட்கக்கூடாதவை: வயது, சம்பளம், வீடு சொந்தமா வாடகையா, ஏன் ஒரே குழந்தை, ஏன் கல்யாணம் ஆகவில்லை. நம்மூர் ரயிலில் விழுப்புரம் தாண்டுவதற்குள் கேட்டு முடித்துவிடும் கேள்விகள்தான், இங்கே ஒன்றே போதும் ஆளைக் கிளப்பிவிட. கூப்பிடுவது குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து. முதல் பெயரில் கூப்பிடச் சொன்னால் மட்டும் கூப்பிடுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி 'இன்னாருடைய அம்மா' என்றே கிண்டர்கார்டன் வாசலில் அழைக்கப்படும் பெண்கள், ஆங்கில மேசையில் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லச் சொல்வது அடிக்கடி நடக்கும்.

உதவி கேளுங்கள்

கடைசி அரை மணி நேரம் உங்களுடையது. இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் இலவச சேவை.

ஜப்பானியப் பள்ளியில் பிள்ளை படித்தால் உங்களுக்கே தெரியும், வாரத்துக்கு ஒரு கட்டுத் தாள் வீட்டுக்கு வரும். செயலியில் படம்பிடித்துப் படித்தாலும் பாதிதான் புரியும். அந்தக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். எங்கள் மேசையில் ஒருமுறை 'ஸோகின் இரண்டு' என்று எழுதிய தாள் வந்தது. என்னவென்று கேட்டேன். நாலு பேரும் ஆங்கிலத்தில் விளக்க முயன்றார்கள். 'ஓல்ட் டவல்', 'ஸ்மால்', 'ஸ்டிச், ஸ்டிச்' என்று ஒருவர் காற்றில் தைத்துக் காட்டினார். இன்னொருவர் எழுந்து, தரையில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் துணியைத் தள்ளிக்கொண்டு ஓடுவது மாதிரி நடித்தார். வகுப்பறைத் தரையைப் பிள்ளைகளே துடைப்பதற்குப் பழைய துண்டை மடித்துத் தைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். 'நீங்களே தைப்பீர்களா?' என்று கேட்டதும் மூவர் தயங்க, மூத்தவர் மட்டும் கையைத் தூக்கினார். கடைசியில் ஓர் இளம் அம்மா ரகசியம் சொல்வது மாதிரிக் குனிந்து, 'ஹண்ட்ரட் யென் ஷாப்' என்றார். அவ்வளவு சிரிப்பை அந்த மேசை அதற்கு முன் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் சரியாகப் பேச வேண்டும் என்ற கவலையே அன்று யாருக்கும் இல்லை, விஷயத்தை எனக்குப் புரியவைத்தால் போதும் என்றிருந்தது.

அதற்குப் பிறகு வழியில் பார்க்கும்போது தலையசைப்போடு நிற்பதில்லை. 'ஸோகின் கிடைச்சுதா?' என்று கேட்பார்கள்.

இன்னும் முக்கியமான ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: வெள்ள வரைபடம். எடோகவா வார்டின் நிலத்தில் ஏறத்தாழ எழுபது சதவீதம் கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பது. 2019-இல் வார்டு நிர்வாகம் வீடு வீடாகக் கொடுத்த வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, வார்டின் மேல் 'இங்கே இருக்கக்கூடாது' என்ற பொருளில் எழுதியிருந்தது. அதே வருடம் அக்டோபரில் 19-ஆம் எண் டைபூன் (சூறாவளி) வந்தபோது இங்கே ஆயிரக்கணக்கானோர் பள்ளிக்கூடங்களில் போய்த் தங்கினார்கள். அந்த வரைபடத்தை விரித்து, 'பெரிய டைபூன் வந்தால் நீங்க எங்கே போவீங்க? பையில் என்ன வைப்பீங்க?' என்று கேளுங்கள். அவர்களுக்கு ஒரு மணி நேர ஆங்கிலப் பயிற்சி. உங்களுக்கு எந்தத் தெரு வழியாக, எத்தனை மணிக்கு முன், யாரோடு கிளம்ப வேண்டும் என்ற விவரம். நிலநடுக்கத்துக்கும் இப்படித்தான். 2011 மார்ச் 11 அன்று ரயிலெல்லாம் நின்றபோது நடந்தே வீடு வந்த அனுபவம் டோக்கியோக்காரர்கள் பலருக்கு உண்டு. தயங்கித் தயங்கித்தான் ஆரம்பிப்பார்கள், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் ஆங்கிலம் தடுமாறுவதை மறந்துவிடுவார்கள்.

பல் மருத்துவரிடம் என்ன சொல்வது, பெரிய குப்பைக்கு எங்கே டிக்கெட் வாங்குவது, பட்டமளிப்பு விழாவுக்கு எந்த நிறத்தில் உடுத்துவது என்று எதையும் கேட்கலாம். கேட்டால் மதிப்பு குறையுமோ என்று நம்மவர்களில் சிலர் யோசிக்கிறார்கள். இந்த ஊரில் வாங்கிக்கொண்டே இருப்பவருக்குத்தான் பாரம். திருப்பிக் கொடுக்க ஒரு வாய்ப்பைக் கொடுத்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

விட்டுப்போகாமல் வைத்திருக்க

'எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வாங்க' என்று சொல்வார்கள். அது மரியாதைப் பேச்சாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். நாள் குறிக்கும்வரை அதை மரியாதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஏமாற்றம் இல்லை. உங்கள் கூட்டத்துக்கான அடுத்த நாளை மட்டும் கலைவதற்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் குறித்துவிடுங்கள். 'அப்புறம் லைனில் சொல்றேன்' என்று விட்டால் மூன்று மாதம் ஓடிவிடும்.

அன்று மாலையே லைனில் ஒரு வரி நன்றி. அடுத்த தடவை பார்க்கும்போது போன தடவைக்காக இன்னொரு நன்றி. நமக்கு மிகையாகத் தெரியும், இங்கே அதுதான் அளவு. யாராவது இரண்டு தடவை வரவில்லையென்றால் ஏன் என்று துருவ வேண்டாம். தேதியை மட்டும் அனுப்பிக்கொண்டே இருங்கள். மாமியார் உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கும், ஆறு மாதம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் வந்து உட்காருவார்.

சில மாதம் போன பிறகு, மேசையில் ஆங்கிலம் குறைந்து ஜப்பானிய மொழி கலக்கும். கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் ஆங்கிலம், பிறகு எது வருகிறதோ அது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமும் இரண்டு சொல் கற்றுக்கொண்ட மாதிரி இருக்கும்.

மார்ச் மாதம் வந்தால் யாராவது ஒருவருக்கு ஒஸாகாவுக்கோ ஃபுகுஓகாவுக்கோ மாற்றல் வரும். சில வருடம் அந்த மாற்றல் உங்களுக்கே வரும். நீங்கள் கிளம்புவதாக இருந்தால் ஜனவரியிலேயே சொல்லிவிட்டு, கூட்டத்தை யார் வீட்டில் தொடர்வது என்று அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். அடுத்து குடிவரும் தமிழ்க் குடும்பத்தை ஒரு தடவையாவது அந்த மேசைக்குக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டால் வேலை சுலபம். ஏப்ரல் முதல் வாரத்தில் கட்டடத்தில் புது முகங்கள் தென்படும். அழைப்புத் தாளை நாலு பிரதி புதிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேதியை மட்டும் மே நடுவுக்குப் போடுங்கள்.